பனியனுக்குள் ஒரு ராஜா: ஸ்டான்லி கோவால்ஸ்கியை நமக்கு ஏன் பிடித்துப்போகிறது?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் பெயரில் ஆண்டுதோறும் ஓர் இலக்கியத் திருவிழா நடக்கும். அதில் ஒரு விநோதமான போட்டி உண்டு. மேலே பால்கனியில் ஒருவர் நிற்பார். கீழே போட்டியாளர்கள் ஒவ்வொருவராக வந்து, மண்டி போட்டு, தொண்டை கிழிய 'ஸ்டெல்லா' என்று கத்த வேண்டும். சிலர் உணர்ச்சிவசப்பட்டு சட்டையையே கிழித்துக்கொள்வார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சரி, ஒரிஜினல் காட்சியில் அந்த ஆள் ஏன் கத்துகிறான்?

கர்ப்பமாக இருக்கும் மனைவியைச் சற்று முன்புதான் அடித்திருக்கிறான். அவள் மாடி வீட்டுக்கு ஓடிப்போய்விட்டாள். அதனால் கத்துகிறான். அவ்ளோதான் விஷயம்.

கத்தியது உலகத்துக்கே ஞாபகம் இருக்கிறது. மீம், டி-ஷர்ட், காமெடி ஷோ என்று எல்லா இடத்திலும் அது வந்துவிட்டது. அடித்தது மட்டும் எங்கேயோ காணாமல் போய்விட்டது. ஸ்டான்லி கோவால்ஸ்கி என்ற மனிதன் எப்படி வேலை செய்கிறான் என்று புரிய, இந்த ஓர் இடத்தைப் பிடித்தால் போதும்.

'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகம் 1947 டிசம்பர் 3-ம் தேதி நியூயார்க்கின் எதெல் பேரிமோர் தியேட்டரில் முதன்முதலாக மேடையேறியது. எலியா கஸான் இயக்கம். ஸ்டான்லியாக வந்தது 23 வயது மார்லன் பிராண்டோ. 855 காட்சிகள் ஓடியது. 1948-ல் புலிட்சர் பரிசும் வாங்கியது. தலைப்பில் வரும் டிராம் கற்பனை இல்லை. நியூ ஆர்லியன்ஸில் டிசையர் என்ற தெருவுக்கு அந்தப் பெயரிலேயே ஒரு டிராம் நிஜமாக ஓடியது. நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1948-ல், அதை நிறுத்திவிட்டு பஸ் விட்டார்கள்.

பிராண்டோவின் டிரெஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் டி-ஷர்ட் என்றால் நம்மூர் பனியன் மாதிரி, சட்டைக்குள் போடுகிற சமாச்சாரம். ஆடை வடிவமைப்பாளர் லூசிண்டா பல்லார்ட் அதை உடம்போடு ஒட்டும்படி இறுக்கமாக்கி, பிராண்டோவுக்கு மாட்டி மேடையில் நிறுத்தினார். வியர்வையில் நனைந்த அந்த பனியன் 1951-ல் சினிமாவாகவும் வந்த பிறகு, டி-ஷர்ட் உள்ளாடை என்ற நிலையிலிருந்து ஃபேஷன் ஆனது. நீங்கள் இப்போது போட்டிருக்கும் டி-ஷர்ட்டிலும் ஸ்டான்லிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு!

கதை சின்னதுதான். ஸ்டெல்லா, ஒரு காலத்தில் வசதியாக இருந்த பண்ணைக் குடும்பத்துப் பெண். போலந்து வம்சாவளியில் வந்த, ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்து திரும்பிய ஸ்டான்லியைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டே அறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறாள். அக்கா பிளான்ஷ் டுபுவா, வீடு வாசல் எல்லாம் கடனில் போய், போக்கிடம் இல்லாமல் அங்கே வந்து சேர்கிறாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. ஒரே பாத்ரூம். அதற்குள் பிளான்ஷ் புகுந்தால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். மே மாதம் வந்தவள் செப்டம்பர் வரை தங்குகிறாள். சண்டை வராமல் என்ன செய்யும்?

சீட்டாட்ட ராத்திரி

மூன்றாவது காட்சியில் ஸ்டான்லி நண்பர்களோடு போக்கர் ஆடிக்கொண்டிருக்கிறான். குடி, தோல்வி, எரிச்சல். பக்கத்து அறையில் பிளான்ஷ் ரேடியோ போடுகிறாள். நிறுத்தச் சொல்கிறான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுகிறாள். எழுந்து வந்து ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிகிறான். ஸ்டெல்லா திட்டுகிறாள், வந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். அவள் மீது பாய்கிறான். அடி விழும் சத்தம் நமக்குக் கேட்கும், கண்ணில் படாது. நண்பர்கள் அவனைப் பிடித்து இழுத்துப்போய் ஷவருக்கு அடியில் நிறுத்துகிறார்கள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தவன், மனைவி இல்லை என்றதும் குழந்தை மாதிரி தேம்பி அழுகிறான். மாடிக்கு போன் அடிக்கிறான். மாடி வீட்டு யூனிஸ் கொடுக்க மறுக்கிறாள். அப்புறம்தான் அந்தக் கூச்சல். அதற்கு யூனிஸ் கொடுக்கும் பதிலில் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் போலீஸ் உன்னை இழுத்துப்போய் தண்ணீர் பீய்ச்சி அடிக்கட்டும் என்கிறாள்.

'போன தடவை'. அப்படியென்றால் இது முதல் முறை இல்லை. தெருவுக்கே தெரியும்.

ஸ்டெல்லா இறங்கி வருகிறாள். அவன் படிக்கட்டில் மண்டியிட்டு, அவள் வயிற்றில் முகம் புதைத்து அழுகிறான். அவளைத் தூக்கிக்கொண்டு இருட்டான வீட்டுக்குள் போகிறான். சினிமாவாகப் பார்த்தால் இது ஒரு மகத்தான காதல் காட்சி. நடிப்பு, வெளிச்சம், இசை எல்லாம் சேர்ந்து நம்மை அப்படித்தான் நினைக்க வைக்கும். எனக்கும் முதல் தடவை பார்த்தபோது தொண்டை அடைத்தது. ஆனால் வரிசையை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: அடி, அழுகை, மன்னிப்பு, நெருக்கம். இன்றைக்கு குடும்ப வன்முறை பற்றி எழுதுகிறவர்கள் சுழற்சி என்று சொல்லி வட்டம் போட்டுக் காட்டுவது இதைத்தான். வில்லியம்ஸ் அதை 1947-லேயே, எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல், ஒரே ராத்திரியில் எழுதிவிட்டார்.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது மறுநாள் காலைதான். ராத்திரி முழுக்கத் தூங்காத பிளான்ஷ் பதறிக்கொண்டு வந்தால், ஸ்டெல்லா கட்டிலில் சாய்ந்துகொண்டு கலர் காமிக்ஸ் புத்தகம் வைத்திருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. அவர் ஆட்டுக்குட்டி மாதிரி சாதுவாகிவிட்டார், ரொம்ப வெட்கப்படுகிறார் என்ற ரீதியில் விளக்கம் சொல்கிறாள். கல்யாண ராத்திரியன்றே அவன் அவளுடைய செருப்பைக் கழற்றி, வீட்டிலிருந்த பல்புகளையெல்லாம் அடித்து நொறுக்கினான் என்ற கதை இங்கேதான் வருகிறது. அது தனக்கு ஒருவிதக் கிளர்ச்சியாக இருந்தது என்றும் சொல்கிறாள். ரெட் ஃப்ளாக் என்று நாம் இன்று சொல்வதை, அவள் காதலின் அடையாளமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள்.

அதே காட்சியில் ஒரு பத்து டாலர் வருகிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். ஸ்டெல்லா கைக்கு மாதாமாதம் பணம் எதுவும் வருவதில்லை. பில்லை எல்லாம் ஸ்டான்லியே கட்டுவான், அவனுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அன்று காலை, ராத்திரி நடந்ததைச் சரிக்கட்ட, பத்து டாலர் கொடுத்திருக்கிறான். அதில் ஐந்தை அக்காவிடம் நீட்டுகிறாள். ஓர் அடிக்குப் பத்து டாலர், அக்கா தங்கைக்கு ஆளுக்குப் பாதி. கையில் காசில்லாத, குழந்தை வயிற்றில் இருக்கும் ஒரு பெண் 'ஏன் விட்டுட்டு வரல' என்று கேட்பவர்கள், இந்த பத்து டாலரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவன் சொல்வதெல்லாம் உண்மை!

ஸ்டான்லி வெறும் முரடனாக மட்டும் இருந்திருந்தால் இந்த நாடகம் இத்தனை வருஷம் நின்றிருக்காது. சிக்கல் என்னவென்றால், அவன் முக்கால்வாசி விஷயத்தில் சரியாகச் சொல்கிறான்.

பிளான்ஷ் பொய் சொல்கிறாள். வயதில் பொய், குடியில் பொய், பள்ளியில் லீவு கொடுத்தார்கள் என்பதிலும் பொய். உண்மையில் பதினேழு வயது மாணவன் ஒருவனோடு ஏற்பட்ட தொடர்பால் ஆசிரியர் வேலை போயிருக்கிறது. அது சின்னத் தப்பு இல்லை. அதோடு, வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவனைக் குரங்கு, காட்டுமிராண்டி என்ற அளவில் தங்கையிடம் பேசுகிறாள். அவன் வெளியே நின்று அதைக் கேட்டுவிடுகிறான். அவனுடைய போலந்துப் பூர்வீகத்தைக் கேவலப்படுத்தும் வசைச்சொல்லையும் அவள் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறாள். தான் நூற்றுக்கு நூறு அமெரிக்கன் என்று அவன் ஒரு கட்டத்தில் கொதிக்கும்போது, நியாயமாகவே நம் மனசு அவன் பக்கம் சாயும். போருக்குப் போய்த் திரும்பி வந்து, உழைத்துச் சாப்பிடுகிறவனை, எல்லாம் இழந்த பிறகும் மிச்சமிருக்கும் சாதித் திமிர் மாதிரியான ஒன்றை வைத்து ஒருத்தி மட்டம் தட்டுகிறாள். யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் அந்தக் கோபத்தை அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அக்காவும் தங்கையும் பேசியதை ஒளிந்து கேட்ட பிறகு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உள்ளே வருகிறான். ஸ்டெல்லா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவள் தலைக்கு மேலாக அவன் பிளான்ஷைப் பார்த்துச் சிரிக்கிறான். கூச்சல் இல்லை, கைநீட்டல் இல்லை. 'பார்த்தியா, யார் ஜெயிச்சது' என்று கேட்கிற சிரிப்பு. அவனுடைய அதிகாரம் கத்தும்போது வெளிப்படுவதைவிட இந்தச் சிரிப்பில் அதிகம் வெளிப்படுகிறது.

உண்மை அவன் கையில் ஆயுதம். இரண்டாவது காட்சியிலேயே நெப்போலியன் சட்டம் என்று ஒன்றை எடுத்துவிடுகிறான். லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழி வந்த சட்டமரபு இருப்பது உண்மைதான். மனைவியின் சொத்து கணவனுக்கும் சொத்து என்று அதைச் சுருக்கி, பிளான்ஷின் டிரங்குப் பெட்டியைக் குடைகிறான். மலிவான போலி ஃபர், கண்ணாடிக் கல் வைத்த கிரீடம் எல்லாவற்றையும் அசல் என்று நினைத்து, விலை மதிப்பிட ஆள் கூட்டிவருவேன் என்கிறான். வாட்ஸ்அப்பில் வந்த சட்ட அறிவை வைத்துக்கொண்டு குடும்பத்தில் பஞ்சாயத்து செய்யும் ஆள் ஒருவராவது உங்களுக்கும் தெரிந்திருக்கும், இல்லையா? அந்தப் பெட்டியிலேயே, இறந்துபோன இளம் கணவன் அவளுக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. அவன் கை அதன்மேலும் படுகிறது. சொத்து பற்றிய சந்தேகம் தீர்ந்துபோகிறது. பெட்டியைத் திறந்தது திறந்ததுதான். போகிறபோக்கில், அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று ஸ்டெல்லா வைத்திருந்த கர்ப்பச் செய்தியையும் போட்டு உடைத்துவிடுகிறான்.

அப்புறம் ஊருக்கு ஆள் போய் வருகிற வழியாக பிளான்ஷின் பழைய கதையெல்லாம் விசாரிக்கிறான். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் ராணுவ நண்பன் மிட்சிடம் அதைச் சொல்லிவிடுகிறான். நண்பனை ஏமாறவிட முடியுமா என்பது அவன் வாதம். மறுக்க முடியாத வாதம். அவளுடைய பிறந்தநாளன்று, கேக்குக்கு முன்னால், பரிசு என்று சொல்லி ஒரு கவரை நீட்டுகிறான். உள்ளே, ஊருக்குத் திரும்பிப் போக பஸ் டிக்கெட். அதற்கும் முன்னால் கை கழுவிவிட்டு மேசையைச் சுத்தம் செய்ய உதவு என்று ஸ்டெல்லா சொன்னதற்கு, தன் தட்டையும் கோப்பையையும் வீசி உடைத்துவிட்டு, இந்த வீட்டுக்கு நான்தான் ராஜா என்று பிரகடனம் வேறு. அதற்கு ஆதாரமாக அவன் பெயர் சொல்வது லூசியானா அரசியல்வாதி ஹியூயி லாங்கை; ஒவ்வொரு மனிதனும் ராஜா என்பது அவருடைய பிரபலமான கோஷம். ஏழைகளுக்குச் சொன்னதை ஸ்டான்லி சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டான். ராஜாவுக்குக் குடிமக்கள் வேண்டுமே. இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

இந்த வீட்டை வில்லியம்ஸ் எங்கிருந்து எடுத்தார்? அவருடைய அப்பா ஷூ விற்கும் பயண விற்பனையாளர். குடி, சீட்டு, கோபம் மூன்றும் உண்டு. அக்கா ரோஸுக்கு மனநோய் என்று சொல்லி 1943-ல் மூளையில் லோபாட்டமி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் அவர் பழைய ரோஸாகத் திரும்பவே இல்லை. நான்கு வருஷம் கழித்து, ஒரு பெண்ணை மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போவதோடு முடியும் நாடகத்தைத் தம்பி எழுதினார்.

ஒரு பொய், ஒரு உண்மை

பத்தாவது காட்சி. ஸ்டெல்லா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குழந்தை காலையில்தான் பிறக்கும் என்று ஸ்டான்லி மட்டும் வீட்டுக்கு வருகிறான். கல்யாண ராத்திரியன்று போட்ட பட்டு பைஜாமாவை எடுத்து மாட்டிக்கொள்கிறான். பிளான்ஷ் பாட்டிலை உடைத்துப் பிடித்துக்கொண்டு தடுக்கப் பார்க்கிறாள். அவன் அவளை வன்புணர்வு செய்கிறான். முதல் நாளிலிருந்தே இது நடக்க வேண்டியிருந்தது என்பதுபோல் ஒரு வாக்கியத்தை அவன் சொல்வான். இதை 'இரண்டு பேருக்கும் இடையில் ஆரம்பத்திலிருந்தே ஈர்ப்பு இருந்தது' என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டு எழுதிய விமர்சனங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்வது யார்? அவன். உடைந்த பாட்டில் யார் கையில்? அவள் கையில்.

சில வாரங்கள் கழித்து, கடைசிக் காட்சி. பிளான்ஷ் நடந்ததைத் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். ஸ்டெல்லா யூனிஸிடம், அதை நம்பினால் ஸ்டான்லியோடு தொடர்ந்து வாழ முடியாது என்ற அர்த்தத்தில் பேசுகிறாள். யூனிஸும் நம்பாதே என்றே அறிவுரை சொல்கிறாள், எப்படியோ வாழ்க்கை ஓடியாக வேண்டும் என்கிற தொனியில். இத்தனைக்கும் இந்த யூனிஸ்தான் அன்றைக்கு போலீஸ் வரட்டும் என்று கத்தியவள். ஐந்தாவது காட்சியில் அவளையும் அவள் கணவன் அடிக்கிறான். போலீஸைக் கூப்பிடப் போகிறேன் என்று கிளம்பியவள் பாருக்குப் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் அவனோடேயே வீடு திரும்புகிறாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாடகம் முழுக்க பிளான்ஷ் பொய் சொன்னாள். ஸ்டான்லி அவற்றை ஒவ்வொன்றாக உடைத்தான். இருப்பதிலேயே முக்கியமான ஒரு விஷயத்தில் அவள் சொல்வது உண்மை, அவன் மறுப்பது பொய். அந்த நேரத்தில் அவனுக்கு வாதாட வேண்டிய அவசியமே இல்லை. 'அவ சொன்னது எதுதான் உண்மை?' என்ற ஒரே கேள்வி அவனைக் காப்பாற்றிவிடுகிறது. கோடை முழுக்க அவன் சேர்த்துவைத்த உண்மைகள் எல்லாம் அந்த ஒரு பொய்க்கு ஜாமீன் கையெழுத்து போடுகின்றன. அவன் இதைத் திட்டமிட்டுச் செய்தான் என்று சொல்ல மாட்டேன். ஸ்டான்லி அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் இல்லை. அவன் திட்டமிடத் தேவையில்லாதபடி வீடு, பணம், அக்கம்பக்கம், நண்பர்கள் எல்லாம் அவன் பக்கம் ஏற்கெனவே நிற்கின்றன.

நண்பர்களில் மிட்ச் மட்டும் கடைசியில் ஸ்டான்லி மீது பாய்கிறான். மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அவன் மேசையில் கவிழ்ந்து அழுகிறான். அதற்குமேல் அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கைதட்டியது யார்?

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் கொஞ்சம் சங்கடமான விஷயம். பிராட்வேயில் நாடகம் ஓடியபோது, ஸ்டான்லி பிளான்ஷைக் குத்தலாகப் பேசும் இடங்களில் பார்வையாளர்கள் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். பிளான்ஷாக நடித்த ஜெசிகா டாண்டி மேடையில் நிற்க, கைதட்டல் பிராண்டோ பக்கம் போனது. இயக்குநர் கஸானுக்கே கவலை. விமர்சகர் ஹரோல்ட் கிளர்மன் அப்போதே இதைக் கண்டுபிடித்து எழுதினார்: பிராண்டோவின் கவர்ச்சியில் நாடகம் ஸ்டான்லியின் வெற்றிக் கதையாக மாறுகிறது, பார்வையாளர்களும் அதற்கு உடந்தை என்று. வில்லியம்ஸ் மட்டும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. யாரையும் முழு நல்லவராகவோ முழு கெட்டவராகவோ அவர் எழுதவில்லை.

பிராண்டோவுக்கு அந்தக் கதாபாத்திரத்தைப் பிடிக்கவே இல்லை. தான் ஸ்டான்லிக்கு நேர் எதிரானவன் என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். 1951-ல் வந்த படத்துக்கு நடிப்புக்கான ஆஸ்கர் மூன்று கிடைத்தன: பிளான்ஷாக நடித்த விவியன் லீ, ஸ்டெல்லாவாக நடித்த கிம் ஹன்டர், மிட்சாக நடித்த கார்ல் மால்டன். பிராண்டோவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்தப் படம் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். 'நார்மல் பீப்பிள்' புகழ் பால் மெஸ்கல் லண்டன் மேடையில் ஸ்டான்லியாக நடித்து 2023-ல் ஆலிவியர் விருது வாங்கினார். அவரும் ஊருக்கே பிடித்த நடிகர் என்பதைக் கவனியுங்கள். எல்லோருக்கும் பிடிக்காத ஒருவரை ஸ்டான்லியாகப் போட்டால் இந்த நாடகம் வேலை செய்யாது. ஸ்டெல்லாவுக்குப் பிடித்தது நமக்கும் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அவள் ஏன் இறங்கி வந்தாள் என்பது உறைக்கும்.

சினிமாவில் முடிவை மாற்றினார்கள். அந்தக் கால ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி வன்புணர்வு செய்தவனுக்கு ஏதாவது தண்டனை இருந்தாக வேண்டும். அதனால் படத்தில் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனி திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். கீழிருந்து ஸ்டான்லி அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். தணிக்கைக்காரர்களுக்குத் திருப்தி. ஆனால் அவள் ஓடுவது யூனிஸ் வீட்டுக்கு. சீட்டாட்ட ராத்திரி ஓடினாளே, அதே வீடு, அதே படிக்கட்டு. கீழே கேட்பதும் அதே குரல்.

வில்லியம்ஸ் எழுதிய நாடகத்தில் அந்த ஓட்டம்கூடக் கிடையாது. பிளான்ஷை டாக்டர் அழைத்துக்கொண்டு போகிறார். ஸ்டெல்லா கையில் குழந்தையோடு வாசலில் நின்று வாய்விட்டு அழுகிறாள். ஸ்டான்லி அவள் பக்கத்தில் மண்டியிட்டு, மெதுவான குரலில் சமாதானம் சொல்கிறான். அவன் விரல்கள் அவள் ரவிக்கையின் திறப்பைத் தேடிப் போகின்றன. உள்ளே நண்பன் ஒருவன் அடுத்த ஆட்டத்தின் பெயரைச் சொல்லிச் சீட்டு போடுகிறான்.